குழாயின் மறுமுனையில்

நம்பினால் நம்புங்கள், இது கட்டிவிட்ட கதை இல்லை. நடந்தது லென்ஸ் அக்காவுக்கு. பன்னிரண்டு வருடம் அவருக்குப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவன் நான்.

பழைய மைக்ரோஸ்கோப்புகளைச் சரிசெய்வதில் அக்கா கைதேர்ந்தவர். கணவர் போன பிறகு வீட்டில் பேச ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமைகூடப் பட்டறைக்கு வந்துவிடுவார். அந்த ஞாயிறு அவர் மேசையில் இருந்தது அருங்காட்சியகம் அனுப்பிய பித்தளை மைக்ரோஸ்கோப். நூற்றைம்பது வருடப் பழசு. கழற்றித் துடைத்து மாட்டினார்.

மணி மூன்று பத்து. சோதித்துப் பார்க்க வெங்காயத் தோலை வைத்து ஃபோகஸ் திருகைத் திருப்பினார். பளிச்சென்று தெரிந்தது. கை கழுவிவிட்டு வந்து பார்த்தால்... மங்கல். திருகு அரைச் சுற்று நகர்ந்திருந்தது. இறுக்கினார்.

மூன்று இருபத்தைந்து. மறுபடி மங்கல். அதே அரைச் சுற்று. யாரோ தன் பார்வைக்குத் தோதாகத் திருப்பிக்கொண்ட மாதிரி. கண் வைக்கும் இடம் வெதுவெதுப்பாக இருந்தது.

எனக்கு போன் செய்தார்.

"தம்பி, பட்டறைக்கு வந்தியா?"

"இல்லக்கா, வீட்லதான் இருக்கேன். ஏன்?"

"ஒண்ணுமில்ல..."

வெங்காயத் தோலை எடுத்துவிட்டார். வெறும் குழாய். குனிந்தார்.

உள்ளே ஒரு கண்.

தன் கண்ணின் நிழலோ? இல்லை. அதில் வெண்படலம் மூடியிருந்தது.

டிக்...

திருகு தானாகத் திரும்பியது.

கண் அக்காவையே பார்த்தது.

கைப்பையைக்கூட எடுக்காமல் ஓடினார். மறுநாள் காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டார்.

செவ்வாய்க்கிழமை அருங்காட்சியக அதிகாரி போன் செய்தார்.

"அந்த மைக்ரோஸ்கோப்ப செஞ்சவரப் பத்தி ஒரு விஷயம் கெடச்சுதும்மா. ஒண்டிக்கட்டையாம். கடைசியில ரெண்டு கண்ணும் போயிடுச்சு. அவர் சொல்லச் சொல்ல தபால்காரர் எழுதிக்கொடுத்த கடிதம் ஒண்ணு இருக்கு. தங்கச்சிக்கு."

போனிலேயே படித்துக் காட்டினார்.

'இந்தக் குழாயில் மட்டும் எனக்குப் பார்வை திரும்புகிறது. இன்று ஒரு பெண்ணின் கண்ணைப் பார்த்தேன். அவளும் என்னைப்போல் தனியாள். பயந்து ஓடிவிட்டாள். நாளை வருவாள். காத்திருப்பேன்.'

அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"அப்புறம்...?"

"கீழ தபால்காரரே எழுதி வச்சிருக்காரு. மறுநாள் பூரா குழாயில வச்ச கண்ண எடுக்கவே இல்லையாம். சாயங்காலம் தொட்டுப் பார்த்தா... உடம்பு சில்லுன்னு இருந்துச்சாம்."

"கடிதத்துல தேதி இருக்கா?"

"கிழிஞ்சுபோச்சும்மா. கிழமை மட்டும் தெரியுது. ஞாயிறு."