தியேட்டர் வாசலில் ஒரு ஜனாஸா

கல்முனையிலிருந்து நானும் மாமாவும் கொழும்பு பார்க்கப் போனோம். எனக்கு அதுதான் முதல் தரம். மருதானையில் ஒரு தியேட்டருக்கு மேலே தென்னை உயரத்தில் நடிகையின் முகம் வரைந்திருந்தது. கீழே கச்சான் கடலை விற்பவர்களின் கூச்சல், ட்ராம் மணி, றோட்டை அடைத்து நின்ற டிக்கட் வரிசை. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அந்த வரிசையில் ஒரு ஜனாஸா வந்து முட்டி நின்றது. சந்தூக்குப் பெட்டியைச் சுமந்தவர்கள் நாலே பேர், பின்னால் ஓதிக்கொண்டு ஒரு லெப்பை. வரிசையில் நின்ற ஒருவரும் விலகவில்லை. எங்களூரில் ஜனாஸா போனால் கடைக்காரன் தராசை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவான். நாங்களும் அந்தப் பழக்கத்தில் ஓடிப்போய், முன்னால் சுமந்த இருவரிடமிருந்தும் சந்தூக்கை எங்கள் தோளுக்கு வாங்கினோம்.

"ஆரு மௌத்து?" என்று மாமா கேட்டார்.

"தெரியா. கூலிக்குத் தூக்குறம்," என்றார் ஒருவர், சட்டையால் வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

அவர்கள் இருவரும் தோள் மாற்றத் திரும்ப வரவேயில்லை. டிக்கட் வரிசையில் போய் நின்றுகொண்டார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. மையவாடி வரைக்கும் நாங்களே சுமந்தோம். பெயர் தெரியாத அந்த மையித்துக்கு மண் போட்டுவிட்டு, அசர் தொழுகையும் தொழுதுவிட்டுத் திரும்பினோம்.

அப்போதுதான் படம் விட்டிருந்தது. சனம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே வந்தது. கூலிக்குத் தூக்கின அதே மனுசனும் கண் சிவந்து வந்தார்.

"அந்தப் பிள்ளய ஒருத்தரும் இல்லாம சாக உட்டுட்டானுகளே," என்று பக்கத்திலிருந்தவரிடம் கதைத்துக்கொண்டு போனார்.