அடியில் பூசிய எண்ணெய்

கடியப்பட்டணத்தில் ஒரு வீட்டு முற்றத்து மணலில், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தேன். தலைக்கு மேலே, விலைக்கு வந்த பத்து வயதான ஒரு ஃபோர் வீல் வண்டியின் அடிப்பகுதி. செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்பு. தார் போல என்னவோ கனமாகப் பூசியிருந்தது. மீன் வாடை வேறு. வண்டிக்காரர் தண்ணீர் எடுக்க உள்ளே போன நேரம் பார்த்து, கொண்டையிலிருந்து ஊசியை உருவி ஒரு இடத்தில் சுரண்டினேன். பிசின் மாதிரி ஊசியில் ஒட்டியதே தவிர இரும்பு தெரியவில்லை. காலடி கேட்டதும் ஊசியை மணலில் துடைத்துவிட்டு எழுந்தேன். நாற்பத்தாறு வயதுக் கணக்கு டீச்சர் திருட்டு முழி முழித்தது அவருக்குத் தெரிந்திருக்காது என்றுதான் அப்போது நினைத்தேன்.

எனக்கு இந்த வண்டி ஆடம்பரத்துக்கு இல்லை. மாமாவுக்கு, அதாவது என் கணவரின் அப்பாவுக்கு, செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் நாகர்கோவிலில் டயாலிசிஸ். எங்கள் வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு வர ஒரு சப்பாத்தைத் தாண்ட வேண்டும். தண்ணீர் மேலேயே ஓடுகிற தாழ்ந்த பாலம். அரை அடித் தண்ணீரில் அதைத் தாண்டிவிடலாம். தாண்டினால் ரப்பர் தோட்டத்தை ஒட்டிச் செம்மண் ஏற்றம். தார் போட்ட இடமெல்லாம் அரித்துப்போய் மழையில் வழுவழுவென்று கிடக்கும். போன ஐப்பசியில் ஆட்டோ இரண்டு தடவை பின்னால் வழுக்கி வந்தது. மூன்றாவது தடவை டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். டயாலிசிஸ் இரண்டு முறை தவறிப்போய், மாமா முகமெல்லாம் வீங்கி, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினார். அன்றிலிருந்து மேற்கே மேகம் கறுத்தாலே, ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுவேன்.

"அடியில என்னவாக்கும் பூசியிருக்கு?" என்று கேட்டேன்.

வண்டிக்காரர் வள்ளம் வைத்திருப்பவர். ஐம்பதைத் தாண்டியிருப்பார். கடலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டதால் வண்டியை விற்கிறார். "வள்ளத்துக்குப் பூசுகதுதான் டீச்சர். அண்டி எண்ணெய்யும் மீனெண்ணெய்யும். வருசா வருசம் நானே பூசுவேன். ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுங்க, கழுவிராதீங்க."

அண்டி எண்ணெய் என்றால் முந்திரித் தோட்டில் எடுக்கிறது. மரம் உப்பில் கெடாமலிருக்க வள்ளத்துக்குப் பூசுவார்கள். எனக்கு அது தெரியும். ஆனால் வண்டிக்கு எதற்கு? கழுவாதே என்கிறாரே, கழுவினால் என்ன தெரிந்துவிடும்? மஸ்கட்டிலிருந்து கணவர் போனில், "கடப்புறத்து வண்டி வேண்டாம் கேட்டியா, உப்புக்காத்துல அடி முழுக்கத் தின்னு போயிருக்கும்" என்று ஏற்கெனவே ஏற்றிவிட்டிருந்தார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வதுதான் அது. கூட வந்த மெக்கானிக் ஸ்பேனரால் அங்கங்கே தட்டிப் பார்த்துவிட்டு, "சத்தம் நல்லாட்டுதான் இருக்கு, தைரியமா எடுங்க" என்றார். அந்தத் தைரியம் கடையில் கிடைக்கிற சாமானா? ஆனாலும் ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது. எடுத்தேன். ஒரு வாரம் கழித்து வண்டி வீட்டுக்கு வந்தது.

தினமும் அதில்தான் பள்ளிக்கூடம். உயரமான வண்டி, ரோடு நன்றாகத் தெரியும் என்பார்கள். எனக்கு ரோடு தெரியவில்லை, காதுதான் வேலை செய்தது. பள்ளத்தில் இறங்கினால் 'கடக்' என்றதே, அது துருப்பிடித்து விட்டுப்போன சத்தமா? ஓடும்போதே அடித்தட்டு கழன்று, மாமா உட்கார்ந்திருக்கும் இருக்கையோடு ரோட்டில் விழுகிற காட்சி மனசில் ஓடும். ஸ்டாஃப் ரூமில் வேறு, "டீச்சர், மீன் வாங்கிட்டா வாறிய?" என்று கிண்டல்.

மூன்றாவது வாரம் பொறுக்க முடியாமல் வாட்டர் சர்வீசில் கொண்டுபோய் விட்டேன். மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்து, குழாயை வைத்து அடித்தார்கள். கறுப்பு முழுக்கக் கரைந்து சாக்கடையில் ஓடியது. லிஃப்டில் நின்ற வண்டிக்குக் கீழே போய் அண்ணாந்து பார்த்தேன்.

ஒரு பொட்டுத் துரு இல்லை. பத்து வருடம் கடலோரத்தில் கிடந்த இரும்பு, புதுப் பாத்திரம் மாதிரி இருந்தது.

சந்தோஷப்பட்டேனா? இல்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தையும் முழுதாகப் பட விடாமல் வீட்டுக்கு வந்து மாமாவிடம், "உங்களுக்கு அந்த வாடை ஒத்துக்காதேன்னுதான் கழுவினேன்" என்றேன். அவர் ஒருநாளும் வாடையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. "ம்" என்று மட்டும் சொன்னார்.

மழை ஒரு புதன்கிழமை பிடித்தது. வியாழன் காலை லீவு சொல்லிவிட்டு மாமாவை முன்னால் உட்கார வைத்துக் கிளம்பினேன். சப்பாத்தில் தண்ணீர் அரை அடிதான் இருந்தது, மெதுவாகத் தாண்டிவிட்டோம். ஏற்றத்தின் அடியில் நிறுத்தி, நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்க ஃபோர் வீல் சுவிட்சைத் திருகினேன். பச்சை விளக்கு நின்று எரிய வேண்டும். அது மினுக் மினுக்கென்று மினுங்கிக்கொண்டே இருந்தது. அப்படியே ஏற்றிப் பார்த்தேன். பாதியில் பின்சக்கரம் சுழன்றது, வண்டி பக்கவாட்டில் வழுக்கியது. எப்படியோ கீழே இறக்கினேன். பின்னால் சப்பாத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மாமாவின் கால் அப்போதே செருப்பு வாரைத் தாண்டி வீங்கியிருந்தது. மெக்கானிக்குக்கு அடித்தேன், எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் கடியப்பட்டணத்து வண்டிக்காரருக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டு விவரம் சொன்னேன்.

"பச்சை வெளக்கு மினுங்குதா? டீச்சர், அடி கழுவினியளா?"

"இல்லியே" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"கழுவல்லேன்னா உள்ள வேற கேடாக்கும். அத இப்ப ஒண்ணும் செய்ய முடியாது. வண்டிய அங்கேயே விட்டுட்டு ஆளக் கூப்பிடுங்க."

மாமா கை நீட்டிப் போனை வாங்கினார். "கழுவினோம் தம்பி. எனக்கு அந்த வாடை பிடிக்கல்ல. நான்தான் கழுவச் சொன்னேன்."

நான் அவரைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

"அப்ப பேடிக்க வேண்டாம் அண்ணாச்சி" என்றது போன். "கியர் பாக்ஸ் பக்கத்துல ஒரு ஒயர் பிளக் உண்டு. துணி சுத்தி அதுக்க மேல எண்ணெய் போட்டு அடைச்சு வச்சிருந்தேன். கழுவுனவன் துணிய எடுத்திருப்பான், தண்ணி கேறியிருக்கும். புடுங்கி, நல்லாத் தொடச்சு, திரும்பச் சொருகச் சொல்லுங்க."

கைப்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, மாமாவின் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை வாங்கிக்கொண்டு சேற்றில் மல்லாந்தேன். வெறும் இரும்பிலிருந்து தண்ணீர் முகத்தில் சொட்டியது. பிளக்கைத் தேடிப் பிடுங்கி, துவர்த்தின் காய்ந்த முனையை முறுக்கி உள்ளே விட்டுத் துடைத்து, ஊதி, 'டக்' என்று கேட்கும்வரை அழுத்தினேன். ஏறி உட்கார்ந்து சுவிட்சைத் திருகினேன். விளக்கு இரண்டு தடவை மினுங்கி, அப்புறம் நின்றது. வண்டி நான்கு காலிலும் மண்ணைப் பற்றிக்கொண்டு ஏறியது. மேலே தார் ரோடு வந்ததும் அழுதுவிட்டேன். மாமா, "மணி ஆகுது மக்கா" என்றார்.

அடுத்த ஞாயிறு வெயில் அடித்தது. கடியப்பட்டணம் போகிறேன் என்றதும் மாமா தானும் வருவதாகச் சொல்லி ஏறிக்கொண்டார். வண்டிக்காரர் ஒரு பழைய பாய் விரித்து, எண்ணெய் வாளியோடு அடியில் நுழைந்தார். கையில் பட்டால் பொள்ளும் என்று என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். மாமா நிழலில் நாற்காலியில் இருந்தார்.

"அண்ணாச்சிக்கு வாடை பிடிக்காதுன்னா மீனெண்ணெய்யக் கொறச்சுப் போடட்டா?" என்று கீழிருந்து குரல் வந்தது.

மாமா வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"மாமா ஒண்ணும் சொல்லல்ல அண்ணா. நான்தான் கழுவினேன். நீங்க துருவ மறச்சிருக்கியன்னு நெனச்சேன்."

கீழே தூரிகை வாளியில் முங்கி எழுந்தது.

"தெரியும் டீச்சர்" என்றார். "அண்ணைக்கு நீங்க ஊசியால சுரண்டின எடத்த, வண்டி ஒங்க வீட்டுக்கு வாறதுக்கு முந்தியே நான் திரும்பப் பூசிட்டேன்."