கண்ணை மூடி ஓடுவது

பிரெஞ்சுத் தலைநகரில் லா ஷப்பல் பகுதி, 1987. மெட்ரோ பாலத்தை ஒட்டிய பழைய கிடங்கில் நடிகர்கள் பத்துப் பேர் பயிற்சி எடுக்கிறோம். சொல்லித்தருபவர் ஒரு போலந்துக்காரப் பெண். கிறித்தவம் வருமுன் ஸ்லாவிய மக்கள் நெருப்பைச் சுற்றித் தங்களை மறந்து ஆடிய சடங்கிலிருந்து இதை உருவாக்கியிருக்கிறார். எல்லோரும் வட்டமாக நின்று தரையை ஓங்கி மிதிக்க, நடுவில் ஒருவர் கண்ணை மூடி ஓடவேண்டும். எந்தப் பக்கம் போனாலும் அங்கே நிற்பவர் தாங்கிக்கொள்வார்.

என் முறை முடிந்து மூச்சிரைக்க வாசலில் உட்கார்கிறேன். கிடங்கைத் துப்புரவு செய்யும் மன்னார்க்காரர் அருளப்பு சிரிக்கிறார்.

“தம்பிக்குச் சாமி வந்திட்டுதோ?”

“மூச்சுதான் போகுதுண்ணே. நீங்களும் வாங்களேன்.”

துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, சப்பாத்தைக் கழற்றி வட்டத்துக்குள் வருகிறார். கண்ணை மூடி இரண்டடி வைத்தவர் அப்படியே நின்றுவிடுகிறார். முகமெல்லாம் வியர்வை.

“ஏலாது தம்பி. இந்தச் சத்தம், ஆமி பின்னால வாற மாதிரிக் கிடக்கு.”

ராணுவம் துரத்துகிற மாதிரி இருக்கிறதாம் என்று என் அரைகுறை பிரெஞ்சில் சொல்கிறேன். அந்தப் பெண் உடனே மிதிப்பதை நிறுத்தச் சொல்கிறார். பிறகு, நின்ற இடத்திலிருந்தே ஒவ்வொருவராக அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறார். “அருலப்பூ”, “அகுலாப்பு” என்று நாலு பக்கமும் குரல்கள். அவருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. மறுபடி கண்ணை மூடுகிறார்.

“வாறன், வாறன்!”

நேரே என்மேல் வந்து மோதுகிறார். இருவரும் தரையில் விழுகிறோம். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

“ஆர், தம்பியோ?”

“நான்தாண்ணே.”

“என்னை எழுப்பி விடுங்கோ. இன்னொருக்கா ஓடப்போறன்.”