கோதுமை மூட்டை விழவில்லை

டில்லி கோல் மார்க்கெட் ரவுண்டானா வட்டத்தில் நான் ஸ்கூட்டரோடு சரிந்தபோது பின்னால் இருந்த என் மனைவியும் விழுந்தாள். முழங்கை சிராய்த்தது, சேலை கிழிந்தது. மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தவள், "நான் பஸ்ல போய்க்கிறேன்" என்றாள்.

கரோல் பாக்கில் ஒரு பள்ளியில் அவள் டீச்சர். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். பாடம் சொல்லிக்கொடுக்கிற ஒருத்தி மருமகளாக வந்தது ஊருக்கே அதிசயம். ஆனால் டில்லி பஸ்ஸில் தினமும் நசுங்கி, கண்ட கைகளையும் தட்டிவிட்டு வந்தவள் ஒரு நாள், "வேலைய விட்டுரலாமான்னு இருக்கு" என்றாள். எனக்கு வளைவில் திருப்பத் தெரியாததால் அவள் வேலை போகப் போகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வட்டத்தைச் சுற்றிப் பழகினேன். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். உள்ளே போனபின் பிரேக்கைத் தொடக்கூடாது. முன்சக்கரத்தைப் பார்க்காமல் போகிற வழியைப் பார்க்க வேண்டும். தனியாக இருந்தால் எல்லாம் வந்தது. பின்னால் பாரம் வேண்டுமே என்று ரேஷன் கோதுமை மூட்டையைக் கட்டிக்கொண்டு சுற்றினேன்.

"அரே பாபு, கோதுமைக்கு டில்லி சுத்திக் காட்டுறியா?" என்று இந்தியில் கத்தினான் பான் கடைக்காரன்.

மூட்டை விழவில்லை. வண்டி சாய்ந்த பக்கம் அதுவும் சாய்ந்தது. அப்போதுதான் உறைத்தது: என் மனைவி சேலையில் இடப்பக்கம் பார்த்து ஒருக்களித்து உட்காருகிறாள். நான் வலப்பக்கம் சாய்த்தால் பயந்து இடப்பக்கம் இழுக்கிறாள்.

இதை எப்படிச் சொல்வது? பழியை அவள்மேல் போடுவதாகிவிடுமே. அவள் அந்தக் கோதுமையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது மெல்ல ஆரம்பித்தேன்.

"மூட்டை விழல."

"மூட்டைக்கு ஏது பயம்?"

மிச்சத்தையும் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "நீங்க முதுகுப் பக்கமா கவுக்குறீங்க. முன்னால என்ன வருதுன்னே எனக்குத் தெரியாது. நான் என்ன செய்ய?"

திங்கட்கிழமை காலை, பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அக்காவின் சல்வார் கமீஸில் வெளியே வந்தாள். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த எங்கள் ஊர்ப் பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"ஊருக்குச் சேதி போயிரும்" என்றேன்.

"போகட்டும். நீங்க ரோட்டப் பாருங்க."

இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தாள். வட்டம் நெருங்கியது. இடப்பக்கம் ஒரு பஸ் உறுமிக்கொண்டு நுழைந்தது. வேகத்தைக் குறைத்தேன், பிரேக்கை விட்டேன், பார்வையை வழிமேல் வைத்தேன். இரண்டு கைகள் என் சட்டையை இறுக்கின. வண்டி சாய்ந்தது. அவளும் சாய்ந்தாள்.

"கண்ணத் தொறந்துதான வச்சிருக்க?"

"நீங்க?"

நான் சிரிக்கப் பார்த்தேன்.

"இன்னும் வளைவு இருக்கு" என்றாள். "பேசாம ஓட்டுங்க."