துரை சுகமோ

போன கிழமை எங்கள் விடுதி முதலாளி இரண்டு முயல் வாங்கி வந்தார். தங்க வரும் வெளிநாட்டுப் பிள்ளைகள் தூக்கி விளையாடட்டுமாம். உப்புவெளிக் கடற்கரைக்குப் பின்னால் இருக்கும் இந்த விடுதியில் நான் தோட்ட வேலை பார்க்கிறேன். வந்த அன்றே இரண்டும் கடிபட்டு, கூடு முழுக்க மயிர் பறந்தது. "சோடி எண்டுதானே தந்தவங்கள்" என்று முதலாளி தலையைச் சொறிந்தார். நான் ஒன்றைத் தூக்கி மடியில் மல்லாத்தி, அடிவயிற்றுக்குக் கீழே இரண்டு விரலால் விரித்துப் பார்த்தேன். பிறகு மற்றதை. கதிரையில் இருந்த வெள்ளைக்காரப் பெண் புத்தகத்தை இறக்கிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும் கடுவன், சேர். பெட்டை இல்லை" என்றேன்.

கையைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவியும் மணம் போகவில்லை. முயல் மூத்திரத்தின் மணம் உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. கண்ணைக் கடிக்கும். எனக்கு அந்த மணத்தோடு ஒரு தொலைபேசி மணியும் சேர்ந்தே வரும். எடுக்கப் பயந்த மணி.

இதே காணியில்தான் முன்பு முயல் பண்ணை இருந்தது. பண்ணை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். தகரக் கூரையின் கீழ் இரண்டு வரிசைக் கூடு. நடத்தியவர் ஓய்வுபெற்ற மருத்துவமாது. ஊரில் பாதிப் பேரை இந்த உலகத்துக்கு இழுத்து விட்டவர். எல்லாரும் 'மிஸ்' என்போம். முப்பது வயது தாண்டி, மீன்வாடி வேலை சரிவராமல் நின்ற என்னை அவர்தான் வேலைக்கு எடுத்தார். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எந்தப் பெட்டை எந்தக் கடுவனோடு சேர்ந்தது, எத்தனை குட்டி, யாருக்கு யார் தாய் என்றெல்லாம் ஒரு கொப்பியில் எழுத வேண்டும். என் எழுத்தைப் பார்த்து, "முயலைப் பேனையைப் பிடிக்க விட்டாலும் இதைவிட வடிவா எழுதும்" என்பார் மிஸ்.

பண்ணையின் பெயரைக் காப்பாற்றியது ஒரு கடுவன். அகன்ற நெஞ்சு, பருத்த பின்தொடை. கூட்டுக்குள் அது நடக்கும் நடையைப் பார்த்துத்தான் துரை என்று பெயர் வைத்தோம். வீட்டில் முயல் வளர்க்கும் பெண்கள் தோப்பூரில் இருந்தும் குச்சவெளியில் இருந்தும் பெட்டைகளைக் கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டு வருவார்கள். பெட்டையைத்தான் கடுவனின் கூட்டுக்குள் விட வேண்டும். மாறி விட்டால் பெட்டை தன் வீட்டைக் காக்கிறேன் என்று கடுவனைக் கடித்துக் குதறிவிடும். சேர்ந்ததும் துரை ஒரு கீச்சுச் சத்தத்தோடு பக்கவாட்டில் தொப்பென்று விழும். பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நான் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

மிஸ் விதித்த சட்டம் ஒன்றுதான். சேர்க்க முதல் இரண்டையும் மல்லாத்திப் பார்க்க வேண்டும். பெட்டைக்கு அந்த இடம் சிவந்திருந்தால் சேர்க்கலாம், வெளிறியிருந்தால் சேராது. புண், வீக்கம், சீழ் இருந்தால் வந்த வழியே திருப்பி அனுப்ப வேண்டும்.

ஒரு நாள் ஏழெட்டுப் பெண்கள் ஒன்றாக வந்து என்னைச் சுற்றி நின்றார்கள். நான் ஒரு பெட்டையை மல்லாத்தியதும் ஒருத்தி, "தம்பிக்கு இன்னும் கலியாணம் ஆகேல்லையாம், இதுல பாத்துத்தான் படிக்கிறார் போல" என்றாள். ஒரே சிரிப்பு. எனக்குக் காது சுட்டது. அன்றைக்கு மிச்சப் பெட்டைகளைத் திருப்பிப் பார்க்காமலே கூட்டுக்குள் விட்டேன். அன்றைக்கு மட்டுமா? அதற்குப் பிறகு பெண்கள் பக்கத்தில் நின்றால் திருப்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். பார்த்தது போலக் கையை மட்டும் கீழே கொண்டு போவேன்.

அடுத்த மாதம் குச்சவெளியில் இருந்து புஸ்பமக்கா வந்தார். கணவர் இல்லாதவர், அதிகம் கதைக்க மாட்டார். அவருடைய பெட்டையின் பெயர் நீலா. உடம்பு முழுக்க வெள்ளை, மூக்கில் மட்டும் விரலால் சாம்பல் தொட்டு வைத்தது போல ஒரு அடையாளம். ஒவ்வொரு ஈற்றிலும் கூடுதலாகக் குட்டி போட்டு, எல்லாவற்றையும் பால் கொடுத்து வளர்க்கும் தாயின் மகளை மட்டும் புஸ்பமக்கா தெரிந்தெடுத்து வைத்துக்கொண்டு, மற்றவற்றைக் கொடுத்துவிடுவார். அப்படி நாலு தலைமுறை. நீலா நாலாவது. "இவளின்ர தாயும் போயிட்டாள், தம்பி. இனி இவள் ஒருத்திதான்" என்று கூடையின் மூடியைத் திறந்தார். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கையைக் கீழே கொண்டு போனேன். துரையையும் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து துரையின் மூக்கில் பொருக்குக் கண்டேன். யாரும் இல்லாத நேரம் பார்த்து மல்லாத்தினேன். கீழே எல்லாம் புண். எப்போது வந்தது, யார் கொண்டு வந்த பெட்டையில் இருந்து வந்தது? கொப்பியில் இருந்தது. வாசிக்கப் பயமாக இருந்தது.

மிஸ் அப்போது மகளின் பிள்ளைப்பேற்றுக்கு மட்டக்களப்புக்குப் போயிருந்தார். தொலைபேசி எடுத்தேன்.

"மிஸ், துரைக்கு மூக்கில புண்."

"மூக்கில மட்டுமோ?"

பின்னால் பச்சைக் குழந்தை அழும் சத்தம் கேட்டது. அந்த இடத்தின் பெயரை ஒரு பொம்பிளையிடம் எப்படிச் சொல்வது? முப்பது வருடம் பிரசவம் பார்த்தவருக்குச் சொல்ல நான் வெட்கப்பட்டேன். "ஓம் மிஸ், மூக்கில மட்டும்தான்."

"கூட்டுக் கம்பி கிழிச்சிருக்கும். தேங்காயெண்ணெய் பூசிவிடும்."

பூசினேன். வேறு பெட்டைகளைச் சேர்க்கவில்லை, அது ஒன்றுதான் நான் செய்த நல்ல காரியம். கேட்டு வந்தவர்களிடம் துரைக்குக் காய்ச்சல் என்றேன். ஏற்கெனவே சேர்ந்து போன பெட்டைகளின் சொந்தக்காரருக்கு ஒன்றும் சொல்லவில்லை.

நீலா சினைப்பட்ட இருபதாம் நாள் மணி அடித்தது. புஸ்பமக்கா.

"தம்பி, துரை சுகமோ?"

"சுகமா இருக்கிறார், அக்கா."

"ஒண்டும் இல்லையே?"

"இல்லையக்கா."

பிறகு, "சரி தம்பி, சும்மாதான் கேட்டனான்" என்று வைத்துவிட்டார். நாலு நாள் கழித்துத் திரும்பவும் எடுத்தார். அதே கேள்வி, அதே பதில். ஒரு முயலின் சுகத்தை விசாரிக்க இப்படி இரண்டு தரம் அழைப்பு எடுப்பார்களோ என்று எனக்கு அப்போது யோசிக்கத் தோன்றவில்லை. தப்பித்தேன் என்றுதான் இருந்தது.

மிஸ் திரும்பி வந்த அன்று, பையைக்கூட இறக்காமல் துரையை மல்லாத்தினார்.

"மூக்கு எண்டல்லோ சொன்னனீர்! கீழ உள்ளதை நக்கித்தானே மூக்குக்கு வந்திருக்கு. சேரேக்க தொத்துற வருத்தம் இது." என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "வெக்கத்தில சொல்லாம விட்ட பொம்பிளையள் எல்லாம் கடைசியில என்ர கையிலதான் வந்து விழுந்தவை. சிலரைக் காப்பாத்த ஏலாமப் போச்சு" என்றார் மெதுவாக. "சினையா ஆர் இருக்கினம்?"

கொப்பியைப் பார்த்தோம். மற்றவற்றுக்கு நாள் இருந்தது. நீலாவுக்கு அன்று இருபத்தொன்பது. முயலுக்கு முப்பது, முப்பத்தொரு நாள்தான். மிருக வைத்தியரைக் கண்டு, ஊசிமருந்தும் எப்படிப் போடுவது என்ற விளக்கமும் வாங்கி வந்தோம். வாயால் கொடுத்தால் முயலைக் கொன்றுவிடும், ஊசியாகத்தான் போட வேண்டும் என்று வைத்தியர் இரண்டு தரம் சொன்னார். விடியக் காலை முதல் பஸ்ஸில் நான் குச்சவெளிக்குப் போனேன். ஐஸ் போட்ட சின்னப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டிய வசனத்தை வழி முழுக்க வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு ஆசனத்துக்குப் போய்விட்டார்.

புஸ்பமக்கா கூட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். நீலா இரவே குட்டி போட்டிருந்தது. நெஞ்சு மயிரைப் பிடுங்கிப் பெட்டிக்குள் மெத்தை போடவில்லை. குட்டிகளைக் கம்பி வலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போட்டுவிட்டு, மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. ஏழு குட்டி. ஒவ்வொன்றாகத் தொட்டேன். எல்லாம் குளிர்ந்திருந்தன.

"அக்கா, துரைக்குக் கீழ புண். நீலாவுக்கும் அதுதான் தொத்தியிருக்கு." வசனம் கடைசியில் வந்துவிட்டது.

"தெரியும்" என்றார். "பத்து நாளா அவளுக்கு அந்த இடத்தில இருக்கு. அதுக்குத்தான் ரெண்டு தரம் போன் எடுத்தனான். ஆம்பிளையிட்ட அதை என்னண்டு கேக்கிறது? துரை சுகமோ எண்டால் நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு நினைச்சன்."

நான் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கு அப்பவே தெரியுமோ, தம்பி?"

"ஓம், அக்கா."

அவர் எழும்பிக் குசினிக்குள் போனார். போத்தலோ கட்டையோ எடுத்து வருவார் என்று பயந்தேன். தேத்தண்ணி கொண்டு வந்தார். அவருடைய கோப்பையும் என்னுடையதும் குடிக்காமலே ஆறின. பிறகு நீலாவுக்கு ஊசி போட்டேன். அவர் காலைப் பிடித்துக்கொண்டார். இருவரும் அந்த இடத்தைப் பார்த்தோம். வெட்கமாக இருக்கவில்லை.

துரைக்கும் நீலாவுக்கும் புண் ஆறியது. மற்றப் பெட்டைகளும் ஊசியோடு தப்பின. ஆனால் நீலாவின் கருப்பையில் சீழ் வைத்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை தரம் சேர்த்தும் சினைப்படவில்லை. மகள் இல்லாமலே போய்ச் சேர்ந்தது.

மிஸ் மகளோடு மட்டக்களப்பிலேயே தங்கிவிட்டார். காணி கைமாறியது. துரையின் கூடு இருந்த இடத்தில் இப்போது வெளிநாட்டுக்காரர் கடலில் இருந்து வந்து உப்பைக் கழுவும் குழாய் நிற்கிறது. முதலாளி வாங்கி வந்த இரண்டு முயலின் மூக்கையும் நான் பார்த்தேன், யாரும் கவனிக்காமல். சாம்பல் அடையாளம் இல்லை, வெறும் வெள்ளை.

புஸ்பமக்காவின் இலக்கம் என் தொலைபேசியில் இன்னும் இருக்கிறது. அந்தப் பேரில் மணி அடித்து எத்தனையோ வருடம். துரை சுகமோ என்று என்னைக் கேட்க இனி ஒருவரும் இல்லை. கேட்டால் முழுவதையும் சொல்வேன்.