கறுத்த கன்று வரும்வரை

மாட்டுக்குச் சினை ஊசி போடுகிற தொழிலில் கைவேலை ஐந்து நிமிடம், நெஞ்சிடி ஒன்பது மாதம். தற்காலிக வேலையில் இருந்துகொண்டு மேலாளரின் முகத்தையே பார்த்துக் காலம் கழித்தவர்களுக்கு அந்த நெஞ்சிடியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. தொண்ணூறுகளின் நடுவில், கனடாவுக்கு வந்த புதிதில், பிறம்ரனில் ஒரு குளிர்களஞ்சியத்தில் உறைந்த கோழிப் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன். ஊரில் கால்நடைத் திணைக்களத்தில் வேலை பார்த்தவன் என்று அறிந்து ஒரு கம்பனி என்னைத் தற்காலிகமாக எடுத்தது. ஓட்டித் திரிய ஒரு வானும், காளை விந்தை உறைய வைத்திருக்கும் நைதரசன் தாங்கியும் தந்து, யூனியன்வில்லுக்கு வடக்கே இருந்த பால் பண்ணைகளுக்கு அனுப்பியது. சரிவராவிட்டால் திரும்பவும் கோழிப் பெட்டிதான்.

இதில் வருகிற வெள்ளைக்காரர்கள் எல்லோரும் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். எனக்கு அதெல்லாம் யாழ்ப்பாணத் தமிழில்தான் ஞாபகமிருக்கிறது.

உடுப்பு

முதல் நாள் பீற்றரின் பண்ணை. பீற்றர் சின்ன வயதில் ஒல்லாந்திலிருந்து வந்தவர். சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கிற மனிதர். அது தை மாதம். இரண்டு ஸ்வெற்றர், அதன்மேல் கோட், அதற்கும்மேல் என் மனைவி வசந்தி சுற்றிவிட்ட சால்வை, காதை மூடும் தொப்பி என்று போய் இறங்கினேன்.

இந்த வேலைக்குத் தோள்வரை கையுறை போட வேண்டும். அதற்கு ஒரு கையையாவது வெறுங்கையாக வெளியே எடுக்க வேண்டும். நான் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கம்பியில் தொங்கவிட்டேன். மாடு தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றது. மாட்டின் வேட்கை சில மணி நேரம்தான் நிற்கும், அதற்குள் காரியம் முடிய வேண்டும். பீற்றர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாடு எப்பவோ ஆயத்தம். நீ ஆயத்தமாகிறதுக்கிடையிலை அதுக்கு ஆசை விட்டுப்போயிடும்."

வெள்ளிக்கிழமை

ஊரில் எங்கள் வேலையெல்லாம் பாலைக் கூட்டுவதுதான். நாட்டு மாட்டுக்கு ஜேர்சி ஊசி போட்டு, பிறக்கிற நாகு, அதாவது பெண் கன்று, வளர்ந்து தாயைவிடக் கூடக் கறந்தால் ஊரே எங்களைத் தலையில் தூக்கி வைக்கும். இங்கே பீற்றர் நன்றாகக் கறக்கிற மாட்டைக் காட்டி, இறைச்சி இனக் காளையின் ஊசியைப் போடச் சொன்னார். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மிகத் திறமான ஒருசில மாடுகளின் மகள்களே பட்டிக்குப் போதுமாம். மற்றவையும் கன்று போட்டால்தான் பால் தரும். அந்தக் கன்று சதைப்பிடிப்பாக இருந்தால் இறைச்சிக்காரன் விரும்பி வாங்குவானாம்.

கணக்கில் பிழையில்லை. ஆனால் வீட்டில் சொல்லத்தான் வாய் வரவில்லை. கடைசியில் வசந்தியிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமைகளில் முட்டை வாங்கின பையைக்கூடக் குசினிக்குள் விடாதவள் அவள். அடுப்பைக் குறைத்துவிட்டுச் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, வெள்ளிக்கிழமையிலையாவது பால் மாட்டுக் காளையளை மட்டும் போடுங்கோவன்."

மாப்பிள்ளைப் புத்தகம்

கம்பனி தந்த காளைப் புத்தகம் எங்கள் வீட்டு மேசையில் கிடந்தது. ஒவ்வொரு காளைக்கும் படம், தாய்வழி, தகப்பன்வழி, குணம், பிறக்கும் கன்றின் நிறை, தாய்க்குப் பேறு இலகுவா என்பது வரைக்கும் போட்டிருக்கும். ஸ்காபரோவில் எங்கள் கட்டடத்திலேயே கீழ்மாடியில் இருந்த திலகம் அன்ரி அதைக் கையில் எடுத்தார். தொலைபேசியிலேயே கல்யாணம் பொருத்துகிறவர் அவர்.

"உந்தக் கறுத்தவர் ஆர்?" என்று கேட்டார். அங்கஸ் என்கிற இறைச்சி இனம் என்றும், கன்று சின்னத் தலையோடு பிறக்கும், முதல் கன்று போடுகிற நாகுகளுக்கு நல்லது என்றும் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கம் ஆறுதலாகப் படித்தார். பிறகு புத்தகத்தை மூடி வைத்தார். "இவங்கள் உள்ளதை எழுதியிருக்கிறாங்கள், தம்பி. என்னட்டை வாற மாப்பிள்ளையளின்ரை தாய்மார் இதிலை பாதிகூடச் சொல்லமாட்டினம்."

ரூபி

ரூபி பீற்றருக்குப் பிடித்த நாகு. அதன் தமக்கை முந்தின வருடம் முதல் பேற்றிலேயே செத்துப்போனது. பால் பெருக வேண்டுமென்று பெரிய இனக் காளையின் ஊசி போட்டிருந்தார்கள். கன்று பெருத்துத் தோளில் இறுகிவிட்டது. மருத்துவர் வந்து சேர்வதற்குள் தாயும் போய், கன்றும் போய்விட்டது. ரூபி அதைவிடச் சின்ன உடம்பு. பனி உருகிய கையோடு அதற்கு வேட்கை வந்தது. பீற்றர் என் முகத்தைப் பார்த்து, "நீயே சொல்லு" என்றார்.

அங்கஸ் என்றேன். பட்டிக்கு ஒரு மகள் கிடைக்காது, ஆனால் தாய் தப்பும் என்றேன். அவர் தலையாட்ட, ஊசியைப் போட்டேன். பின்னேரம் என் மேலாளர் டேவுக்கு விஷயம் எட்டிவிட்டது. அவர் கோபக்காரர் இல்லை. உள்ளதை அமைதியாகச் சொன்னார்: "அந்த நாகுக்கு ஏதும் நடந்தால் பீற்றர் எங்களை விட்டிடுவார். அவர் விட்டால் அந்த ரோட்டிலை இருக்கிற எல்லாரும் விட்டிடுவினம். ரோட்டில்லாத ஆளுக்கு வான் என்னத்துக்கு?"

வடைமாலை

ரூபிக்குச் சினை தங்கியது. அன்று தொடங்கியது என் சீவன் போகிற காலம். அதன் வயிறு பெருக்கப் பெருக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சின்னக் கன்றுக்கு இவ்வளவு வயிறு ஏன் என்று வான் ஓட்டும்போதெல்லாம் யோசித்தேன். வசந்தி, ஸ்காபரோவில் தொழிற்சாலைகளுக்கு நடுவே இருந்த கோயிலில் வைரவருக்கு வடைமாலை நேர்ந்தாள். மாட்டுக்கு நேர்த்தி வைக்கலாமா என்று ஐயரைக் கேட்கவில்லை, கேட்டால் கூடாதென்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

அந்தப் பக்கம் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் பீற்றரின் மாட்டுக் கொட்டிலுக்குள் எட்டிப் பார்ப்பேன். கேட்டால், கையுறையை விட்டுவிட்டுப் போய்விட்டேன் என்பேன். மார்கழியில் ஒருநாள் அவர் வாசலில் நின்று சொன்னார்: "உன்ரை கையுறை ஒவ்வொரு கிழமையும் ரூபிக்குப் பக்கத்திலைதான் துலையுது. சொல்லு, நீ இருக்க ஒரு கதிரை கொண்டுவந்து போட்டுவிடுறன்."

காலைச் சாப்பாடு

அடுத்த தையில் நாள் நெருங்கியது. ஒரு காலை பீற்றருக்குத் தொலைபேசி எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கோட்டையும் மறந்து வானில் ஏறினேன். பண்ணை முற்றத்தில் ஒரு வெள்ளை ட்ரக் நின்றது. மிருக வைத்தியரின் ட்ரக்கும் வெள்ளைதான். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். பிறகுதான் அது தீவனக்காரனுடையது என்று தெரிந்தது. பீற்றர் குசினியில் இருந்து முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ரூபி?" என்றேன். முள்ளுக்கரண்டியால் கொட்டில் பக்கம் காட்டினார்.

உள்ளே போனால், தலையிலிருந்து குளம்புவரை கறுப்பாக ஒரு கன்று. மயிர் இன்னும் முழுதாகக் காயவில்லை. அதற்குள் எழும்பி நின்று தாயின் மடியை முட்டிக்கொண்டிருந்தது. ரூபி தன்பாட்டுக்கு வைக்கோல் தின்றது. கன்றை இழுத்த கயிறில்லை, வைத்தியர் இல்லை, ஒரு சத்தமில்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்படி ஒரு நிம்மதி, கனடாவில் இருக்கலாம் என்று கடிதம் வந்த நாளில்கூட வரவில்லை. பின்னாலேயே வந்த பீற்றர் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அவள் என்னையே கூப்பிடேல்லை. உன்னை ஆர் கூப்பிட்டது?"

கடும்பு

கன்று போட்ட முதல் நாட்களின் பாலைப் பண்ணைக்காரர் விற்கிற பால் தாங்கியில் சேர்ப்பதில்லை. கன்று குடித்தது போக மிஞ்சியதை ஐஸ்கிரீம் வாளி ஒன்றில் ஊற்றித் தந்தார் பீற்றர். வசந்தி சீனியும் ஏலக்காயும் போட்டு அவித்தாள். கடும்பு வாசத்துக்குத் திலகம் அன்ரி தானாகவே மேலே வந்துவிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது டேவின் தொலைபேசி. பீற்றர் தன் நாகுகள் எல்லாவற்றுக்கும் அந்தக் கறுத்த காளையையே கேட்கிறார், திங்கட்கிழமையிலிருந்து உனக்கு வேலை நிரந்தரம் என்றார். அன்ரி கைதட்டினார். வசந்தி கண்ணைத் துடைத்தாள்.

துடைத்த கையோடு, "கன்று நாகோ, நாம்பனோ?" என்று கேட்டாள். நாம்பன் என்றேன். இறைச்சி இனத்து நாம்பன் எங்கே போகும் என்பது இதற்குள் அவளுக்கும் தெரியும். கரண்டி கையிலேயே நின்றது. "வைரவரிட்டை நான் தாய்க்கு மட்டும்தான் கேட்டனான்," என்றாள். "அவசரத்திலை பிள்ளையை விட்டிட்டன்."

மாடு வலியெடுத்துக் கன்று போட, ஆளுக்கு வேலை நிரந்தரமாகிற தொழில் நான் அறிய இது ஒன்றுதான்.