கலைத்துப் போட்ட ஏழு எழுத்துகள்

கல்லூரி முடித்துவிட்டுப் புளியங்குடியில் வீட்டோடு இருந்த நாட்களில் என் போனில் ஒரு விளையாட்டு இருந்தது. ஏழு ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப் போடும். அவற்றை வைத்து முடிந்த அளவு சொற்களைக் கண்டுபிடிக்க வேண்டும். ஏழும் சேர்ந்து ஒரே சொல்லாக அமைந்துவிட்டால் திரை முழுக்கப் பூ சிதறும்.

நான் தமிழ் வழியில் படித்தவள். கல்லூரியில் எடுத்தது கணிதம். ஆங்கிலத்தில் சேர்ந்தாற்போல் இரண்டு வாக்கியம் பேச வராது. ஆனால் இந்த விளையாட்டுக்குப் பேச்சு தேவைப்படவில்லை. எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எது உட்காரும், கடைசியில் ஐஎன்ஜி நிற்குமா, ஈடி நிற்குமா என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பேன். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. அர்த்தம் கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. அப்பா எலுமிச்சை கமிஷன் கடையில் எடை போட்டுவிட்டு, கையெல்லாம் அந்த வாசத்தோடு வந்து உட்கார்ந்து, "என்னத்தையோ தடவிக்கிட்டே இருக்காளே" என்பார். அவ்வளவுதான்.

தென்காசியில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். என் கணவர் துபாயில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்து திரும்பி வந்து, சொந்தமாக சர்வீஸ் கடை போட்டிருந்தார். வீட்டில் நாங்களும் என் மாமியாரும்தான். கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, இதெல்லாம் ஒரு வார்த்தையா?"

"பச்சை காட்டுதுல்லா. வார்த்தைதான்."

அவர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தது நினைவிருக்கிறது. அன்று அவர் முகத்தில் இருந்தது பெருமைதான். அதில் சந்தேகமே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை துபாயில் கூட இருந்த நண்பர்கள் மூன்று நான்கு பேர் சாப்பிட வந்தார்கள். பிரியாணி முடிந்ததும் அவர் என்னைக் கூப்பிட்டார். "எங்க வீட்டம்மாகிட்ட ஏழு எழுத்து குடுங்கலே. என்ன வார்த்தைன்னு டக்குனு சொல்லுவா." அவர்கள் என் போனை வாங்கி, திரையில் வந்த எழுத்துகளை உரக்க வாசித்தார்கள். நான் சமையலறை வாசலில் நின்றபடியே சொன்னேன். பச்சை காட்டியது. கை தட்டினார்கள். அப்படி இரண்டு மூன்று. பிறகு ஒரு சொல், ரெட்சினா.

ஒருவர் கேட்டார். "ரெட்சினான்னா என்ன மைனி?"

"தெரியாது."

"தெரியாதா? பேரைப் பார்த்தா உங்க சித்தி மக மாதிரில்லா இருக்கு!"

கூடம் இடிந்து விழுகிறாற்போல் சிரித்தார்கள். என் மாமியார் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, விஷயம் புரியாமலே சிரித்தார். என் கணவர் மட்டும் முதலில் சிரிக்கவில்லை. நண்பர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கைதட்டலை விட இந்தச் சிரிப்பு பெரிது என்பதை அவர் கண்டுகொண்டது எனக்கே தெரிந்தது. அப்புறம் அவரும் சிரித்தார்.

அதிலிருந்து அதுதான் வாடிக்கை. யார் வந்தாலும் என்னைக் கூப்பிடுவார். நான் சொல்லைச் சொல்ல வேண்டும். அவர் ஒரு கணம் நிறுத்தி, புருவத்தைத் தூக்கி, "அர்த்தம்?" என்பார். நான் தெரியாது என்பேன். "கிளிப்பிள்ளைய கட்டிக்கிட்டு வந்திருக்கேன்லே" என்பார். ஒவ்வொரு முறையும் அதே வார்த்தைகள். ஒவ்வொரு முறையும் சிரித்தார்கள்.

அவமானமாக இருந்தது. அதனால் படிக்க ஆரம்பித்தேன். சோறு வேகும் நேரத்தில், குக்கர் விசிலுக்கு நடுவில், நான் கண்டுபிடித்த சொற்களையெல்லாம் போனிலேயே அகராதியில் தேடினேன். ரெட்சினா என்றால் கிரேக்க நாட்டு ஒயின் என்று அப்போதுதான் தெரிந்தது. படித்தது அப்படியே மனதில் நின்றது. அடுத்த தடவை அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் குடும்பம் வந்திருந்தபோது மல்லார்ட் என்ற சொல் வந்தது.

"அர்த்தம்?" என்றார் அவர்.

"காட்டு வாத்துல ஒரு ஜாதி. ஆணுக்குத் தலை பச்சையா இருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. அந்த அண்ணன், "பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். அவர்கள் போனதும் இவர் கதவைச் சாத்தினார்.

"உன்னை யாரு அர்த்தம் படிக்கச் சொன்னா?"

"நீங்கதானே கேட்டீங்க."

"அர்த்தம் தெரிஞ்சா அதுல என்னட்டி காமெடி இருக்கு? இனிமே தெரியாதுன்னுதான் சொல்லணும். என்ன?"

சரி என்றேன். அதன் பிறகு தெரிந்துகொண்டே தெரியாது என்று சொன்னேன். முன்பு சொன்ன தெரியாது இவ்வளவு வலிக்கவில்லை.

இதற்கிடையில் வருடங்கள் போயும் எங்களுக்குக் குழந்தை இல்லை. மாமியார் ஆய்க்குடி முருகனுக்கு நேர்ந்துகொண்டார், எனக்கு வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தார், கடைசியில் என்னையே வாயால் அரைத்தார். திருநெல்வேலியில் ஒரு மருத்துவரிடம் இரண்டு பேரும் போனோம். சோதனையெல்லாம் முடிந்து, குறை என் கணவரிடம்தான் என்று மருத்துவர் பக்குவமாக எடுத்துச் சொன்னார். திரும்பி வரும் பஸ் ஆலங்குளம் தாண்டியது. அவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"அம்மாகிட்ட உனக்குத்தான்னு சொல்லிருதேன். நீ ஒண்ணும் பேசாத."

சோதனைச் சீட்டை எட்டாக மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. நான் பேசவில்லை. அதற்குப் பிறகு மாமியார் பக்கத்து வீட்டுக்காரியிடம் என்னை மலடி என்றதும், விசேஷ வீடுகளில் என்னை ஒதுக்கி நிற்க வைத்ததும் நடந்தன. அவர் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு பக்கத்தில்தான் இருந்தார்.

அந்த வருடம் சீசன் நன்றாக இருந்தது. நண்பர்கள் எல்லோரும் குடும்பத்தோடு குற்றாலத்தில், ஐந்தருவிப் பக்கம், ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். பைக்கில் போனோம். ஆண்கள் எண்ணெய் மசாஜ் செய்து, அருவியில் நின்று, சிவந்த கண்களோடு திரும்பினார்கள். மத்தியானம் சாப்பாடு முடிந்து, சாரல் அடித்துக்கொண்டிருந்த வராந்தாவில் எல்லோரும் உட்கார்ந்தோம். எதிர்பார்த்ததுதான்.

"ஏட்டி, இங்கன வா."

ஒரு நண்பரின் மனைவி, பள்ளிக்கூட டீச்சர், போனை வாங்கி எழுத்துகளை வாசித்தாள். டி, இ, ஜி, ஜி, ஐ, எல், என்.

கிளைட் முதலில் தெரிந்தது. பிறகு நிகிள்ட். ஏழு எழுத்தும் அதிலேயே தீர்ந்துவிட்டது. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதே எழுத்துகள் இன்னொரு மாதிரியும் உட்கார்ந்தன. அந்தச் சொல்லின் அர்த்தத்தையும் நான் படித்திருந்தேன்.

"கெல்டிங்" என்றேன்.

டீச்சர் அழுத்திப் பார்த்தாள். பூ சிதறியது. கை தட்டினார்கள்.

ஒருவர் என் கணவரை முந்திக்கொண்டார். "அர்த்தம் என்ன மைனி?"

"அவளுக்கு எங்க தெரியப் போவுது" என்றார் இவர். ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "நான் சொல்லுதேன். தங்க முலாம் பூசுதது. கெல்டிங். துபாய்ல நம்ம பார்க்காததா?"

"இல்லைங்க. அது கில்டிங். இது வேற" என்றேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவரை மட்டும் பார்த்தேன். "காயடிச்ச குதிரை."

ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. அப்புறம் வெடித்தார்கள். தங்க முலாம் என்று அவர் சொன்னதற்காகத்தான் சிரித்தார்கள். அவர்களுக்கு வேறெதுவும் தெரியாது. "முலாம் பூசின குதிரையாலே மாப்ளே!" என்று ஒருவர் தரையில் தட்டித் தட்டிச் சிரித்தார். இன்னொருவர் குதிரை மாதிரிக் கனைத்தார். என் கணவருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. சிரிக்க முயன்றார், உதடு கோணியது. டீச்சர் மட்டும் பாதியில் சிரிப்பை நிறுத்திவிட்டாள். அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போனைக் கவிழ்த்து வைத்தாள்.

எனக்கு அது இனித்தது. அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளுக்குமாகச் சேர்த்து இனித்தது.

திரும்பும்போது இலஞ்சி தாண்டி வயல் பக்கம் பைக்கை நிறுத்தினார்.

"வேணும்னேதான சொன்ன?"

"அர்த்தம் கேட்டாங்க. சொன்னேன்."

"தெரியாதுன்னுதான சொல்லச் சொன்னேன்?"

"எல்லா வார்த்தைக்கும் எனக்கு அர்த்தம் தெரியும். நீங்க தெரியாதுன்னு சொல்லச் சொன்ன அத்தனைக்கும்."

அவர் பைக்கை விட்டு இறங்காமலே குனிந்து அழுதார். முதுகு குலுங்கியது. பின்னால் உட்கார்ந்து, நனைந்துகொண்டு, அதைப் பார்த்தபடி இருந்தேன். பஸ்ஸில் அவர் அந்தச் சீட்டை மடித்தபோது வந்த பாவம் அன்று வரவில்லை.

நண்பர்கள் அவரைக் குதிரை என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். கடைக்கு வந்து, வேலை செய்யும் பையன்கள் முன்னால், "குதிரை எங்கலே?" என்பார்களாம். விளையாட்டாகத்தான். பையன்களும் அவர் முதுகுக்குப் பின்னால் சொல்லத் தொடங்கினார்கள். அவர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். பிறகு கடையை இன்னொருவர் கையில் விட்டுவிட்டு கத்தாருக்குப் போனார். போவதற்கு முன்பே என்னைப் புளியங்குடியில் கொண்டுவந்து விட்டாயிற்று.

சில மாதம் கழித்து மாமியார் தனியாக வந்தார். அம்மா காப்பி கொடுத்தாள். டம்ளரை வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"நல்லபடியா விலகிக்கோட்டி. அவனுக்கு வேற பொண்ணு பார்க்கோம். பேரப்பிள்ளைய பார்க்காம எனக்குக் கண் மூடாது."

இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. "பாருங்க அத்தை. ஆனா அதுக்கு முன்னால திருநெல்வேலி டாக்டர்கிட்ட ஒருதரம் நீங்களே போய்க் கேளுங்க. குறை யாருக்குன்னு சொல்லுவாரு."

அவர் அதிர்ச்சி அடைவார் என்று காத்திருந்தேன். அவர் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியும். அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டான்."

"தெரிஞ்சுக்கிட்டா என்னை மலடின்னு சொன்னீங்க?"

"பின்ன? ஆம்பளைப் பிள்ளைய ஊரு முன்னால விட்டுக்குடுக்க முடியுமா? அவனுக்கு வைத்தியம் பார்த்துக்கிடலாம். நீ போற வீட்டுல உனக்கொரு பையன் பொறந்தா நீயும் இப்படித்தான் செய்வ."

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துகொண்டார். அம்மா பழக்கதோஷத்தில் வாசல்வரை போய் வழியனுப்பினாள்.

விலகிக்கொண்டேன். இப்போது ஒரு கணக்கு டியூஷன் சென்டரில் பாடம் எடுக்கிறேன். அவருக்குச் செங்கோட்டைப் பக்கம் ஒரு பெண்ணைப் பேசி முடித்திருக்கிறார்கள் என்று எலுமிச்சை மண்டிக்கு வந்த லாரிக்காரர் ஒருவர் மூலம் அப்பாவுக்குத் தெரிந்தது. சாப்பிடும்போது சொன்னார்.

"பொண்ணு இங்கிலீஷ்ல எம்.ஏ.வாம்."

"அந்தப் பிள்ளைகிட்ட யாராவது டாக்டர் சொன்னதைச் சொல்லியிருப்பாங்களா?" என்று அம்மா கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் தட்டைப் பார்த்தேன். அப்பா கை கழுவ எழுந்து போனார்.